பீப் அடித்த எர்த் பட்டை: ஒரு சின்ன காரின் நான்கு கோளாறுகள்

அந்தக் காரோடு ஒரு மஞ்சப்பையும் வந்தது. பை நிறைய எட்டு மாத பில்கள். வண்டி 2009 மாடல், சின்ன பெட்ரோல் கார். ஓடியது 94,000 கிலோமீட்டர். ஓட்டுபவர் ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் கணக்குப் பார்க்கும் ஒரு அண்ணாச்சி. காலையில் வீட்டிலிருந்து அளத்துக்கு, சாயங்காலம் அளத்திலிருந்து வீட்டுக்கு. பகல் முழுக்க வண்டி உப்புக்காற்றில்தான் நிற்கும்.

"காலையில செல்ஃப் இழுக்க மாட்டேங்கி தம்பி. கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு. லைட்டும் மங்கல். ராத்திரி லைட்டப் போட்டா ஹீட் முள்ளு மேல ஏறுது. மூணு பேர்ட்ட காட்டிட்டேன், மூணு பேரும் மூணு சொல்லுதாங்க."

கடைசியாகப் பார்த்தவர் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பயத்தில்தான் அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

பில்களைத் தேதி வாரியாக மேஜையில் பரப்பினேன். இது என் பழக்கம். வண்டி சொல்லாததைப் பல நேரம் பில் சொல்லிவிடும். முதல் பில் புதுப் பேட்டரிக்கு. அடுத்து செல்ஃப் மோட்டார், அதாவது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார், ஓவர்ஹால்: கார்பன் பிரஷ், புஷ் மாற்றியது. அப்புறம் கிளட்ச் கேபிள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கிளட்ச் கேபிள். பிறகு ரேடியேட்டர் கழுவியது, அதன் கீழே கையால் எழுதிய ஒரு வரி: "வால்வு எடுத்தாச்சு". அதாவது, இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டார்கள். நம் ஊர் வெயிலுக்கு வால்வு தேவையில்லை என்று ஒரு நம்பிக்கை பட்டறைகளில் இன்னும் உலவுகிறது. அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வால்வு இல்லாத இன்ஜின் சூடேற நேரம் எடுக்கும், பெட்ரோலை அதிகம் குடிக்கும். ஹீட் ஏறுவதற்கு உண்மையான காரணம் வேறெங்காவது இருந்தால் அது இதில் மறைந்தும் போகும்.

இந்த வேலைகளைச் செய்த யாரும் முட்டாள் இல்லை. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியைப் பார்ப்பதும் செல்ஃபைப் பார்ப்பதும் சரிதான். ஆனால் அண்ணாச்சி ஒவ்வொரு ஆளிடமும் ஒவ்வொரு கோளாறாகச் சொல்லியிருக்கிறார். செல்ஃப் மெக்கானிக்கிடம் கிளட்ச் பற்றிப் பேசவில்லை. கிளட்ச் பார்த்தவரிடம் ஹெட்லைட் பற்றிப் பேசவில்லை. நான்கையும் ஒரே மூச்சில் கேட்ட முதல் ஆள் நான்தான்.

கேட்டும் நான் முதலில் தவறாகத்தான் போனேன்.

முதல் நாள்

காலையில் மட்டும் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் என் புத்தி கரண்ட் லீக்கேஜ் பக்கம் போனது. ராத்திரி எதுவோ பேட்டரியைக் குடிக்கிறது என்று நினைத்தேன். பேட்டரியில் 12.3 வோல்ட் இருந்தது. முழு சார்ஜில் நிற்கும் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. வாங்கி எட்டு மாதம்கூட முழுதாக ஆகாத பேட்டரி இப்படிக் கிடந்தால் ஒன்று யாரோ குடிக்கிறார்கள், அல்லது யாரோ சரியாக நிரப்பவில்லை.

நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்து, கதவுகளை மூடி அரை மணி நேரம் காத்திருந்தேன். காத்திருக்காமல் எடுக்கும் ரீடிங்குக்கு மதிப்பில்லை. கதவை மூடிய பிறகும் உள்ளே உள்ள மின்னணுப் பெட்டிகள் தூங்கப் போகக் கொஞ்ச நேரம் ஆகும். கடைசியில் மீட்டர் 28 மில்லி ஆம்பியரில் நின்றது. 50-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. இந்த 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை 28 மில்லி ஆம்பியர் காலி செய்ய ஐம்பது நாள் ஆகும். லீக்கேஜ் இல்லை.

அடுத்து எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி. அந்த வண்டியில் பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு தடித்த ஒயர் பாடிக்குப் போகிறது. பாடியிலிருந்து கியர்பாக்ஸ் போல்ட்டுக்கு ஒரு பின்னல் செம்புப் பட்டை, மேலே கறுப்பு உறை. எல்லா வண்டியும் இப்படி இருக்காது. சிலவற்றில் நெகட்டிவ் ஒயர் நேரே கியர்பாக்ஸுக்குப் போய், பாடிக்கு ஒரு மெல்லிய ஒயர் மட்டும் பிரியும். இதில் எது எப்படி என்று பார்த்துக்கொள்ளாமல் எர்த் சோதனையில் இறங்கக் கூடாது. கரண்ட் போக வழி இருந்தால் மல்டிமீட்டர் பீப் அடிக்கும். பட்டையின் இரு முனையிலும் அதன் சோதனை முள்ளை வைத்தேன். பீப். போல்ட்டை அசைத்துப் பார்த்தேன், இறுக்கம். சரி, எர்த் நன்றாக இருக்கிறது என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டேன். அந்த டிக்கை நான் இன்னும் அழிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வண்டியை ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் ரோட்டில் போனேன். இருட்டியதும் ஹெட்லைட் போட்டேன். முள் பாதியிலிருந்து கிளம்பி முக்காலுக்கு வந்து நின்றது. ஏசியும் போட்டேன், இன்னும் கொஞ்சம். ரோட்டோரம் நிறுத்தி எல்லாவற்றையும் அணைத்தேன். இரண்டு மூன்று வினாடியில் முள் பாதிக்கு வந்துவிட்டது.

இன்ஜினிலும் ரேடியேட்டரிலுமாக நான்கு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஓடுகிறது. அது மூன்று வினாடியில் ஆறாது. பட்டறைக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து, தெர்மோஸ்டாட் மூடியின் மேல் இன்ஃப்ராரெட் கன்னை அடித்தேன். 78 டிகிரி. (பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராக அடித்தால் அந்தக் கன் குறைத்துத்தான் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அடிக்க வேண்டும்.) வால்வே இல்லாத இன்ஜின், 78 டிகிரி, முள்ளோ முக்கால். இன்ஜின் சூடாகவில்லை, மீட்டர் பொய் சொல்கிறது. ஹெட் கேஸ்கெட் அந்த நிமிடமே பிழைத்துக்கொண்டது.

இரண்டாம் நாள்

காலையில் குளிர்ந்த வண்டி. பட்டறைப் பையனை உள்ளே உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். "உர்... உர்... உர்..." என்று முனகியது. மறுபடி, மறுபடி. இரண்டாவது கேபிளும் ஏன் கெட்டது என்று பார்க்கலாமே என்று, நான் கிளட்ச் கேபிளின் வெளி உறையைத் தற்செயலாகப் பிடித்திருந்தேன். கை சுருக்கென்றது. ஒரு நிமிடம்கூட ஓடாத இன்ஜின், ரேடியேட்டர் சில்லென்று இருக்கிறது. கிளட்ச் கேபிள் மட்டும் டீ டம்ளர் மாதிரி சுடுகிறது.

"அண்ணே, புகை வருது" என்றான் பையன். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) கேபிள் நுழையும் இடத்தில் மெல்லிய கீற்று. பிளாஸ்டிக் கருகும் வாசனை.

அப்போதுதான் உறைத்தது. செல்ஃப் மோட்டாருக்கு ஒரு சின்ன பெட்ரோல் காரில்கூட நூறு ஆம்பியர் பக்கம் தேவைப்படும். போகிற கரண்ட் அத்தனையும் இன்ஜினிலிருந்து பாடிக்கு, பாடியிலிருந்து பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். வழக்கமான பாதை அடைபட்டால் கரண்ட் வேறு பாதையைத் தேடும். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் இரும்பு வேறு என்ன இருக்கிறது? இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் முக்கியமாகக் கிளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும்தான். அந்தக் கேபிளை இழுவைக்காகச் செய்திருக்கிறார்கள், கரண்டுக்காக இல்லை. கரண்ட் ஓடினால் சுடும், உள்ளே இருக்கும் நைலான் குழாய் உருகி ஒட்டிக்கொள்ளும், கிளட்ச் கல்லாகும். எட்டு மாதத்தில் இரண்டு கேபிள் போனதற்கு இதுதான் காரணம்.

ஊகம் சரியா என்று பார்க்க அரை நிமிடம் போதும். ஒரு ஜம்பர் ஒயரை எடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை கியர்பாக்ஸில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் மாட்டினேன். "போடு" என்றேன். சாவியைத் தொட்ட மாத்திரத்தில் இன்ஜின் பிடித்தது. பையன் சிரித்துவிட்டான். நேற்றைக்கே இதைச் செய்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

ஜம்பரைக் கழற்றிவிட்டு இப்போது முறையாக அளந்தேன். ஃபியூவல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், நிதானமாக ரீடிங் எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் ஐந்து வினாடிக்கு மேல் சுற்றவிடக் கூடாது, செல்ஃப் சூடாகும்.

சுற்றும்போது பேட்டரியின் இரண்டு முனைக்கும் இடையே 10.9 வோல்ட். பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் இடையே 0.4. செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையே 7.6. பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் (இன்ஜினின் உடம்பு) இடையே 2.9. இந்தக் கடைசி அளவு 0.2-க்குள் இருக்க வேண்டும். மூன்றையும் கூட்டினால் 10.9. கணக்கு நேராக நின்றது. பேட்டரி கொடுத்ததில் கிட்டத்தட்ட மூன்று வோல்ட் செல்ஃபுக்குப் போய்ச் சேராமல் திரும்பும் வழியில் சூடாகக் கரைகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றும்போது பேட்டரி 10.9-இல் நின்றது என்பதே ஒரு துப்பு. பேட்டரி சோர்ந்திருந்தால், அல்லது செல்ஃப் உள்ளே இறுகியிருந்தால், அந்த அளவு தடாலென்று 9-க்கோ அதற்கும் கீழோ விழுந்திருக்கும். அதே வாரம் வந்த இன்னொரு வண்டியும் இதேபோல் முனகியது, பேட்டரியில் 8.7. அது வெறும் பேட்டரி கேஸ், பத்து நிமிடத்தில் முடிந்தது. மெதுவாகச் சுற்றுகிறது, ஆனால் பேட்டரி தலை நிமிர்ந்து நிற்கிறது என்றால் கரண்ட் தாராளமாகப் போகவில்லை, வழியில் எங்கோ முட்டுகிறது. முந்தைய நாளே இந்த ஒரு அளவை எடுத்திருந்தால் லீக்கேஜ் பக்கமே போயிருக்க மாட்டேன்.

அடுத்து ஃபியூஸை மாட்டி இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், புளோயர், ஏசி எல்லாம் போட்டேன். இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரின் பின்பக்க போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையே 14.3. அருமையான சார்ஜிங். முன்பு பார்த்தவர் இங்கேதான் அளந்திருப்பார், ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார், அது உண்மைதான். ஆனால் அதே நேரம் பேட்டரி முனையில் 13.1 மட்டுமே. பிளாக்குக்கும் பாடிக்கும் இடையே 1.1 வோல்ட், பாசிட்டிவ் பக்கம் 0.1.

ஆக, எல்லாக் கோளாறுக்கும் விடை இந்த 1.1 வோல்ட்டில் இருந்தது. இன்ஜின் ஓடும்போது கரண்ட் புறப்படும் இடம் ஆல்டர்னேட்டர், அது உட்கார்ந்திருப்பது இன்ஜின் பிளாக்கின் மேல். ஹெட்லைட்டும் புளோயரும் தின்ற கரண்ட் பாடி வழியாகப் பிளாக்குக்குத் திரும்பி வர வேண்டும். அந்த வழியில் 1.1 வோல்ட் தொலைவதால் லைட் மங்கும். பேட்டரிக்கு 14.3-க்குப் பதில் 13.1 போனால் அது ஒருநாளும் முழுதாக நிரம்பாது. அதனால்தான் 12.3. அந்த வண்டியின் ஹீட் சென்சார் ஒற்றை ஒயர் சென்சார், எர்த்தைப் பிளாக்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மீட்டரோ பாடி எர்த்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. லைட் போட்டதும் பாடியை விடப் பிளாக் 1.1 வோல்ட் தாழ்ந்துபோகிறது. சென்சார் ஒயர் அந்த அளவுக்குக் கீழே இழுக்கப்படுகிறது. மீட்டருக்கு அது சூடு ஏறியதாகத் தெரிகிறது. லைட்டை அணைத்தால் முள் இறங்கிவிடுகிறது.

பட்டையை அவிழ்த்தபோது

போல்ட்டுகள் இரண்டும் சுலபமாகக் கழன்றன, லக்குகள் (பட்டை முனையில் போல்ட் மாட்டும் வளையங்கள்) சுத்தமாகத்தான் இருந்தன. கறுப்பு உறையை பிளேடால் கீறினேன். பச்சையும் வெள்ளையுமாகப் பொடி கொட்டியது. உப்புக்காற்றின் ஈரம் உறைக்குள் ஏறி, பின்னலுக்குள் திரி மாதிரி ஊறி, வெளியேற வழியில்லாமல் அங்கேயே இருந்திருக்கிறது. பின்னல் பட்டையில் மயிரிழை மயிரிழையாகச் செம்பு. ஒவ்வொரு இழையையும் களிம்பு தனித்தனியாகத் தின்றிருக்கிறது. வளைத்துப் பார்த்தபோது நடுவில் எண்ணிப் பன்னிரண்டு இழை பிழைத்திருந்தது. மற்றதெல்லாம் பச்சைத் தூள்.

பன்னிரண்டு இழை இருந்தாலும் பீப் அடிக்கும். ஒரு இழை இருந்தாலும் அடிக்கும். பல மீட்டர்களில் முப்பது, ஐம்பது ஓம் வரைக்கும்கூட அந்த பீப் வரும். அதைச் சோதிக்க மீட்டர் அனுப்பும் கரண்டும் மிகச் சொற்பம், சில மில்லி ஆம்பியர். சந்தில் சைக்கிள் போகிறது என்பதை வைத்து லாரியும் போகும் என்று நான் எழுதிவிட்டேன். ஓம் அளவு வைத்துப் பார்க்கலாமே என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம்: விளக்கு, புளோயர், ஃபேன், பேட்டரி சார்ஜ் எல்லாம் சேர்த்துத் தோராயமாக 30 ஆம்பியர், தொலைந்தது 1.1 வோல்ட். வகுத்தால் 0.037 ஓம். என் மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டும். கோளாறை விட மீட்டரின் சொந்த ஒயர் எட்டு மடங்கு பெரிய தடை. அந்த மீட்டரை வைத்துக்கொண்டு ஓம் கணக்கில் இதைப் பிடிக்கவே முடியாது. கரண்ட் ஓடும்போது வோல்ட் எங்கே தொலைகிறது என்று பார்த்தால்தான் பிடிபடும்.

ஏன் காலையில் மட்டும்? குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், இன்ஜினைச் சுற்ற அதிகப் பலம் வேண்டும், பேட்டரியும் அரைவயிறு. பகலில் சூடான இன்ஜின் கொஞ்ச வோல்ட்டிலேயே சுற்றிவிடும், அதனால் அண்ணாச்சிக்கு அது கோளாறாகத் தெரியவில்லை.

செய்த வேலை கொஞ்சம்தான். பின்னல் பட்டைக்குப் பதில் 25 சதுர மில்லிமீட்டர் மெல்லிழைச் செம்பு ஒயர் வாங்கி, இரு முனையிலும் லக் வைத்து கிரிம்ப் செய்து, லக் கழுத்தில் ஹீட்-ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். இன்ஜின் மவுண்ட்டில் ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் விறைப்பான ஒயர் உதவாது, கொஞ்சம் தொய்வும் விட வேண்டும். பாடியில் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கினேன். முறுக்கிய பிறகுதான் மேலே வாசலின். சிலர் முதலிலேயே கிரீஸை அப்பிவிட்டு முறுக்குவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. துணைக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேரே கியர்பாக்ஸுக்கு இன்னொரு ஒயரும் ஓட்டினேன். பாசிட்டிவ் டெர்மினலையும் சுரண்டிச் சுத்தம் செய்தேன். உருகிய கிளட்ச் கேபிளுக்குப் பதில் புதியது. தெர்மோஸ்டாட் வால்வைத் திரும்ப மாட்டி, கூலன்ட் ஊற்றி, காற்று வெளியேற்றினேன். ஆக்சிலரேட்டர் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன், நல்லவேளை, அது தப்பியிருந்தது. அந்தக் கேபிள் உருகி ஒட்டியிருந்தால் மிதித்த ஆக்சிலரேட்டர் திரும்பாது. அது வேறு மாதிரி கதையாகியிருக்கும்.

மறுபடி அளந்தேன். சுற்றும்போது நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் இடையே 0.1. செல்ஃபுக்கு 9.9 வோல்ட் போகிறது. பேட்டரி முனையில் 10.3. பையன் அதைப் பார்த்துக் குழம்பினான். "அண்ணே, முன்னாடி 10.9 இருந்துச்சே, இப்ப குறைஞ்சிருக்கே?" ஆமாம், குறைந்துதான் ஆக வேண்டும். வழி திறந்ததும் செல்ஃப் தனக்கு வேண்டிய கரண்டை முழுசாக இழுக்கிறது, பேட்டரி அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. அவன் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான். ஓடும்போது பேட்டரியில் 14.1. ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தேன், முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பேட்டரியை ஒரு ராத்திரி சார்ஜரில் மெதுவாக ஏற்றிக் கொடுத்தேன். அடிக்கடி அரைகுறையாக நின்றதில் அதன் ஆயுள் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். மஞ்சப்பையில் இருந்த பில்களின் கூட்டுத்தொகை பதினோராயிரத்துச் சொச்சம். எர்த் ஒயர், லக், ஸ்லீவ் எல்லாம் சேர்த்து நானூற்றி ஐம்பது. அவர் என் பில்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் அதே பையில் போட்டார்.

ஆறு மாதம் கழித்து வைப்பர் பிளேடு மாற்ற வந்தார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் பானெட்டைத் திறந்து, பையனைச் சாவி திருப்பச் சொல்லி அளந்தேன். 0.13. புது லக்கின் ஓரத்தில் வாசலின் காய்ந்து, அதன் மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி தடவினேன்.